காத்திரு(காலம், வகை)

வோருவில் ஒரு பால்பண்ணை.
நாலாயிரம் லிட்டர் சூடு பிடிக்குமுன்பே
வால்வு திறந்துகொண்டது.
இயந்திரத்துக்குச் சொன்னது சரிதான்:
காத்திரு, முப்பது.
முப்பது என்ன என்றுதான்
கையேட்டில் இல்லை.

கையேட்டில் இருந்தது இவ்வளவு:
"காலம் – காத்திருக்கும் காலம்."

தார்த்துவில் மேய்லி
கடிதத்தை இருமுறை வாசித்தாள்.
திட்டியிருக்கலாம் அந்த மனிதர்.
"பன்றிகளுக்கு ஊற்றிவிட்டோம், வீணாகவில்லை.
நொடியா, நொடியில் ஆயிரத்தில் ஒன்றா?"
அவ்வளவுதான் கேட்டிருந்தார்.

செயற்கூற்றை எழுதிய தானெல்
மூன்றாம் மாடியில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தான்.
"பெயரே சொல்கிறதே."
"உனக்குச் சொல்கிறது.
சுழியம் கொடுத்தால்?"
"யார் கொடுப்பார்கள்?"
"யாராவது."
கத்தி நின்றது.

நம் மொழியில் வேற்றுமை எட்டு.
அவள் மொழியில் பதினாலு.
எதிலிருந்து, எதன்மேல், எதுவரை என்று
சொல்லின் வாலே சொல்லிவிடும்.
அடைப்புக்குறிக்குள் போகும்போது மட்டும்
எண்கள் உருபைக் கழற்றி
வாசலில் விட்டுவிட்டுப் போகின்றன.
உள்ளே எல்லாம் தொகை.
விரித்துச் சொல்ல
ஓர் ஆள் வேண்டியிருக்கிறது,
மாதச் சம்பளத்துக்கு.

மூன்றரைக்கே இருட்டிவிட்ட டிசம்பர்.
சுழியம் கொடுத்தாள்.
திரை நின்றது.
தேநீர் போட்டாள், குடித்தாள்,
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.
நின்றபடியே இருந்தது.
சுழியம் என்றால் என்றென்றைக்கும்!
இத்தனை வருஷம்
ஒருவருக்கும் தோன்றவில்லை இதை எழுத.

மைனஸ் ஐந்து: உடனே திரும்பியது,
ஒரு புகாரும் இல்லாமல்.
அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.
வெற்று மதிப்பு: நொறுங்கியது. நல்லது.

"காலம்: முழு எண். அலகு மில்லிநொடி; நொடி அல்ல.
சுழியம் தந்தால் முடிவின்றிக் காத்திருக்கும்.
எதிர்ம எண் தந்தால் காத்திருக்கவே காத்திருக்காது."

'நொடி அல்ல' அதிகப்படி என்று
மேலாளர் கிரிஸ்டா வெட்டினாள்.
மேய்லி வாதாடவில்லை.
வோரு, என்றாள். நாலாயிரம். பன்றிகள்.
வெட்டியது ஒட்டிக்கொண்டது.

மிச்சம் இருந்தது வகை.
தானெலுக்கும் தெரியவில்லை.
அவனுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்
ஹீயுமா தீவில் தேனீ வளர்க்கிறார்,
தொலைபேசியை எடுப்பதில்லை.
ஊகித்து எழுதலாம்; பலர் அப்படித்தான்.
இரவு ஒன்பதரைக்கு, கோட்டை மாட்டியபடி,
நின்றுகொண்டே தட்டினாள்:

"வகை: இது எதற்கென்று எங்களுக்குத் தெரியாது.
சுழியம் கொடுங்கள்.
வேறு கொடுத்து ஏதாவது நடந்தால்
தயவுசெய்து எழுதுங்கள்."