பன்னிரண்டு வோல்ட்

காலை ஏழரைக்கு போன்.
"பெட்டி எழும்புதில்ல, வாங்க."
எந்தப் பெட்டி என்று கேட்கவில்லை.
இந்த மழைக்கு
டிக்கோயாவிலிருந்து நோர்வூட் வரை
எழும்பாத பெட்டிகள் எனக்கு எட்டு.

கொழுந்து மடுவத்தில் இரண்டு கமரா,
ஸ்டோர் வாசலில் ஒன்று,
துரை பங்களா கேட்டில் ஒன்று.
நான்கு வயரும் வந்து சேர்வது
கிளார்க் விதானகேயின் மேசைக்குக் கீழே,
பழைய செக்ரோல் கட்டுகளுக்கும்
ஒரு சோடி கம்பூட்ஸுக்கும் நடுவில்.

அடப்டர் விளக்கு பச்சை.
வெறுமனே அளந்தால் பன்னிரண்டு வோல்ட். சரி.
பெட்டியில் செருகிவிட்டு அளந்தால்
பன்னிரண்டு, ஒன்பது, ஆறு.
விசிறி அரைச்சுற்று சுற்றி நிற்கிறது.
ஒரு 'டிக்'. கொஞ்சம் பொறுத்து
இன்னொரு 'டிக்'.
சுமை ஏற்றாத வரைக்கும்
எல்லா அடப்டரும் பன்னிரண்டுதான்.

மூடிக்கு நான்கு ஸ்க்ரூ. ஒன்றைக் காணோம்.
"யார் திறந்தது?"
விதானகே ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலில் பனிமூட்டம் மட்டும்.

வாசலில் ஒருத்தி.
இடுப்பில் படங்கு, கெண்டைக்காலில்
அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு.

"தம்பி, செவ்வாக்கெழம அந்தி நிறுவ
இதுல இருக்குங்களா?
தராசு இருவத்தொன்னு காட்டுச்சு.
பொத்தகத்துல பதினேழு.
ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்னு,
சரி, அந்த இன்னொன்னு எதுக்குன்னு கேட்டேன்.
அரப்பேரு போட்டுட்டாங்க."

சவரியம்மா என்று
பிறகு செக்ரோலில் பார்த்தேன்.
முழுப் பெயரும் இருந்தது,
அதற்கு நேரே பாதி.

அவள் கேட்டது புதன். பெட்டி படுத்தது புதன் இரவு.
இடி விழுந்ததாம்.
விழுந்தது உண்மை, எங்கள் வீட்டு டீவியும் போனது.
இடிக்குக் கிழமை தெரியாது.
தெரிந்தும் இருக்கலாம்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு
பையிலிருந்த என் அடப்டரைக் கொடுத்தேன்.
ஒரு பீப்.
கம்பெனி முத்திரை. அப்புறம் திகதி:
இரண்டாயிரம், ஜனவரி ஒன்று, பூச்சியம் மணி.
உள்ளே காசளவு பற்றரி செத்திருக்கிறது.
இந்தப் பெட்டியின் கணக்கில்
யாரும் இன்னும் ஒரு கிலோகூடப் பறிக்கவில்லை.

டிஸ்கைத் திரும்பச் செருகினேன்.
தூக்கத்தில் யாரோ பல் கடிப்பதுபோல் சத்தம்.
பிறகு கேட்டது:
புதிய வட்டு. அழித்து ஆயத்தம் செய்யவா?
ஆம். இல்லை.

புதிய வட்டா?
இரண்டு தீபாவளி கண்ட வட்டு.
ஒன்று, இடி இதன் நினைவைப் பறித்திருக்க வேண்டும்.
அல்லது பூட்டியவன்
முதல் நாளே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல்
போயிருக்க வேண்டும்.
அப்படியானால் இரண்டு வருடம்
வெறும் சிவப்பு விளக்குக்கு முன்னால்தான்
எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள்,
முந்தானையைச் சரிசெய்தார்கள்,
கங்காணிமார் குரலைத் தாழ்த்தினார்கள்.

பூட்டியவன் நான்.
அன்றைக்கும் மழை. கடைசி பஸ் ஐந்தே முக்காலுக்கு.
அமுக்கினேனா?
பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது ஞாபகமிருக்கிறது.

"ஆம் போடுங்க," என்கிறார் விதானகே,
"புதுசா ஆரம்பிப்போம்."

'இல்லை'யை அமுக்கினேன். மின்சாரத்தை நிறுத்தி
டிஸ்கை உருவி, பேப்பரில் சுற்றி,
மேலே தோட்டத்தின் பெயரும் திகதியும்
என் கையெழுத்தும்.
பில்லில் எழுதினேன்:
அடப்டர் ஒன்று, பற்றரி ஒன்று,
வட்டு கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கவேண்டும்.
கூலிக்கு நேரே எதுவும் எழுத வரவில்லை.

"இருக்குங்களா?"
"தெரியல அக்கா."
"தெரியலன்னா சரி," என்று
சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.
காலை நிறுவைக்கு மணி ஊதிவிட்டது.

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, வட்டு இல்லாமல்.
பார்க்கும், வைத்துக்கொள்ளாது.
இரண்டாம் கட்டத்தில் மடுவம் தெரிந்தது.
வரிசை நகர்ந்தது. அவள் முறை வந்ததும்
தராசைப் பார்க்காமல்
நேரே கமராவை நிமிர்ந்து பார்த்து
ஏதோ சொன்னாள். சத்தம் வராத கமரா.

தராசின் சிவப்பு எண்ணைப்
பில்லின் பின்பக்கம் எழுதினேன்:
எட்டு கிலோ நானூறு.
நேரம், பெட்டியில், பூச்சியம் மணி இரண்டு நிமிடம்.
என் கையில், பத்து இருபது.
இரண்டையும் எழுதினேன்.