நூற்றுப் பதினெட்டு

நாலு சின்னப் பிளாஸ்டர்,
அவ்வளவுதான் வயிற்றில் தெரிவது.
அதிலும் ஒன்று தொப்புளுக்குள் பாதி ஒளிந்திருக்கிறது.
"இதுக்கா மிஸ் என்ன மயக்கின?" என்று
நேற்றுப் பின்னேரம் சிரித்தவர்,
பதினோராம் கட்டில், உதுமாலெப்பை,
சம்மாந்துறை நெல் ஆலையில்
இருபத்தாறு வருசம் மெஷின் பார்ப்பவர்,
தன் பித்தக் கற்களைப் போத்தலில் குலுக்கி
வார்டு முழுக்கக் காட்டியவர்
இன்றிரவு சிரிக்கவில்லை.

பெரிய வெட்டென்றால் பெரிதாய் நோகும்,
எல்லாரும் அந்த நோவுக்கு இடம் விட்டு வைத்திருப்பார்கள்.
துளைவழி செய்தவர்களுக்கு அப்படியில்லை.
மணிக்கு மணி கொஞ்சம் நல்லாக வேண்டும்.
எழும்ப வேண்டும், தேத்தண்ணி கேட்க வேண்டும்,
எப்ப விடுவீங்க எப்ப விடுவீங்க என்று
கரைச்சல் தரவேண்டும்.
கரைச்சல் தராதவரைத்தான்
நான் இரண்டாம் தரமும் போய்ப் பார்ப்பது.

ஆறு மணிக்கு நாடி எண்பத்தெட்டு.
எட்டுக்குத் தொண்ணூற்றாறு.
பத்தரைக்கு நூற்று நாலு.
காய்ச்சல் இல்லை. பிரஷர் நல்லம்.
வயிறு கொஞ்சம் ஊதியிருக்கிறது;
காற்றடித்துச் செய்த வயிறு, ஊதும்தான்.
வலது தோளில் நோவு; அதுவும் காற்றுத்தான்.
நேற்றென்றால் நானும் ஒப்புக்கொள்வேன்.
இன்று அது குறைந்திருக்க வேண்டும்.

"காஸ் பெயின் மிஸ், பெரசிட்டமோல் குடுங்க."
போனில் இளம் டொக்டர்.
கோபிக்க முடியவில்லை,
முப்பது மணித்தியாலம் தூங்காத குரல்.

பெண்கள் வார்டில் நான் இருந்த காலம்
திருக்கோவிலில் இருந்து ஒருத்தி வந்தாள்.
அவளுடைய சாட்டும் அழகாய்த்தான் இருந்தது,
என் கையெழுத்து.
எண்பது. தொண்ணூற்று நாலு. நூற்றுப் பத்து.
எழுதினேன்.
வாசிக்கவில்லை.

பன்னிரண்டே முக்கால். நூற்றுப் பதினெட்டு.
முழங்காலை மடக்கி, அசையாமல்,
மூச்சைக் கடன் வாங்குவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாய் எடுக்கிறார்.
நோகுதா?
"இல்ல மிஸ். காலத்தால போகோணும்.
நெல்லு வந்து மலையாக் குவிஞ்சி கிடக்கு."
கையைக் கொண்டுபோனேன்.
தொடுமுன்பே வயிறு ஒதுங்கியது.

எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டேன்:
மில்லில பெயரிங் போகப்போகுதெண்டா எப்பிடித் தெரியும்?
"கை வெச்சாத் தெரியும்."
சத்தம் வராதா?
"சத்தம் வந்தாப் பிந்திட்டு மிஸ்.
அதுக்கு முந்தியே சூடு..."
நிறுத்தினார்.
மேலே காற்றாடி கிறீச்சிட்டது.
வெளியே கல்முனை வீதியில் ஏதோ ஒரு லொறி.
"அப்பவே பெல்ற்றக் கழட்டி நிப்பாட்டிரணும்,"
என்றார், சுவரைப் பார்த்து.
பிறகு அதே சுவரிடம்:
"பொய் சொன்ன நான். மஃரிபுக்குப் பிறகு
நொந்துகொண்டுதான் கிடக்கு."

பெரிய டொக்டரை நேரே எழுப்புவது முறையில்லை.
எழுப்பினேன்.
கருத்துச் சொல்லவில்லை,
நாலு இலக்கங்களையும் வரிசையாய் வாசித்தேன்.
மறுபக்கம் ஒரு மின்விளக்கு சொடுக்கும் சத்தம்.
"வாறன்."

ஸ்கேனில் ஈரலுக்குக் கீழே
கறுப்பாய் ஒரு குட்டை.
குழாய் போட்டதும் பைக்குள் இறங்கியது
வாவிப் பாசி நிறத்தில் பித்தம்,
போக இடமில்லாமல் உள்ளேயே உலாவிக்கொண்டிருந்தது.

விடியும்போது தொண்ணூற்றெட்டு.
குறைகிறது. குறையட்டும்,
இன்னும் நான் நம்பவில்லை.
இளம் டொக்டர் வந்து
சாட்டைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
"எப்ப மிஸ் விளங்கின?"
தொண்ணூற்றாறில் விளங்கியிருக்க வேணும், என்றேன்.
அவர் பேனையை எடுத்து
அந்த இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.
மை சரியாக வரவில்லை,
திரும்பவும் போட்டார்.

பன்னிரண்டாம் கட்டில்
சீனி காணாதென்று சத்தம் போடுகிறது.
போடட்டும்.