நாலு, ஒன்று, ஏழு

பூட்டலாமா வேண்டாமா என்று
எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள்,
சவுத்தாம்ப்டன் துறைமுகத் தூறலில்
கைப்பிடியை இன்னும் விடாமல்.

விட்டுத்தான் ஆகவேண்டும்.
சுமைக்காரர் வாங்கி வண்டியில் எறிவார்.
அறை எண் எழுதிய காகித வால்
காற்றில் படபடக்கும்.
அப்புறம் நாலைந்து மணி நேரம்
உங்களுக்கும் உங்கள் உள்ளாடைகளுக்கும்
ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மாலையில் அறை வாசலில் பெட்டி நிற்கும்.
நிற்கவில்லையென்றால்
என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

நான் ஹேசல்.
கப்பலின் அடிவயிற்றில் ஜன்னலில்லாத அறை.
எக்ஸ்ரே சந்தேகப்பட்டதெல்லாம்
என் சுவரோரம் வந்து நிற்கும்.
மெழுகுவத்தி. கெட்டில். ஷாம்பூ பாட்டிலில் ஜின்
(நுரைக்காத ஷாம்பூவைப்
பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன்).
பூட்டாத பெட்டிக்காரர்கள் வருவார்கள்,
முகம் சிவப்பார்கள், கையெழுத்திட்டுப் போவார்கள்.
பூட்டியவர்கள்தான் கதை சொல்வார்கள்.

போன அக்டோபரில் டெஸ்மண்ட் ப்ரௌஸ்.
நெட்டை மனிதர். நிலைப்படியில் குனிந்தவர்
உள்ளே வந்தும் நிமிரவில்லை.
நீலப் பெட்டி, மூன்று எண் பூட்டு.
திரையில் தெரிந்தது பெட்டிக்குள் ஒரு பெட்டி:
இஸ்திரிப் பெட்டி, மடக்குக் கைப்பிடி.

"திறங்கள்" என்றேன்.
"மூடத்தான் தெரியும்.
பூட்டு திறந்தே கிடந்தது. துணி வைத்தேன்,
அமுக்கினேன், எண்களைக் கலைத்துவிட்டேன்.
எண் வைத்தது அவள்."
"அவர் எங்கே?"
"ப்ளிமத்தில். மார்ச்சில் தீர்ப்பாயிற்று.
பெட்டி என் பங்குக்கு வந்தது."

கல்யாண நாளைப் போட்டார். இல்லை.
மகன் பிறந்த நாள். இல்லை.
வீட்டு எண், விற்றுவிட்ட காரின் எண்.
அவர் எண்ணிய எந்த எண்ணிலும்
அவள் இல்லை.

என் கையில் கம்பி வெட்டும் கத்தரி.
ஒரு நொடி வேலை.
கத்தரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"கிளம்ப எவ்வளவு நேரம்?"
"இருபது நிமிஷம்."

இரண்டு தளம் ஏறி,
சிக்னல் ஒற்றைக் கோடாய் விழும் படித் திருப்பத்தில்
போனை வட்டக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து
ஸ்பீக்கரில் போட்டார்.
அந்தப் பக்கம் டிவி சத்தம்,
தட்டு கழுவும் சத்தம்.
"லோர்னா. பெட்டியின் எண்."
தண்ணீர் நின்றது.
"நாலு, ஒன்று, ஏழு."
"அது என்ன தேதி?"
"தேதியில்லை. விட்பியில் நாம் தங்கிய அறை.
சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாயே.
விடியும்வரை வராந்தாவில் கிடந்தோமே."
பிறகு, வேறு யாரிடமோ சொல்வதுபோல்,
"நீ சிப்ஸ் வாங்கி வந்தாய்."

அவர் வாயெடுத்தார்.
கப்பல் ஊதியது, நீளமாக,
இரும்பெல்லாம் அதிர.
ஊதி ஓய்ந்தபோது போனில் யாருமில்லை.

நாலு. ஒன்று. ஏழு.
சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது.
ஏழு வெள்ளைச் சட்டைகள்,
மடிக்கப் பழகாத கை மடித்தவை.
நடுவில் அது, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.
"இனி நானே தேய்த்துக்கொள்ளலாம் என்று..."
ரசீது எழுதிக் கொடுத்தேன்.
இறங்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.
நெருப்புக்குக் கப்பலில் யாரும் விதிவிலக்கில்லை.

மறுபடி பூட்டினார்.
எண்ணை மாற்றும் பொத்தான் இங்கே இருக்கிறது,
காட்டட்டுமா என்றேன்.
தலையசைத்தார், வேண்டாமென்று.
இப்போது எனக்கும் தெரியும் அந்த எண்.

சரி, கேட்டீர்களே.
மாத்திரையும் பாஸ்போர்ட்டும் தோள்பையில் இருக்கட்டும்.
கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டுங்கள்,
உலகத்தில் நீலப் பெட்டிகள் அதிகம்.
திருட்டு என்று என்னிடம் வந்தவை
கடைசியில் படுக்கைக்கு அடியில்தான் கிடந்தன,
ஒன்றிரண்டைத் தவிர.
பூட்டுவது உங்கள் பாடு.

அந்த வாரம் முழுக்க அவர்
கசங்கிய சட்டையோடு சாப்பிட வந்தாராம்,
தனி மேஜைக்கு. பரிமாறிய ஜொவானா சொன்னாள்.
இறங்கிய அன்று ரசீதோடு வரவில்லை.
மூன்று மாதம் வைத்திருப்போம், பிறகு கழித்துவிடுவோம்.
இது ஆறாவது மாதம்.
என் அலமாரியில் இருக்கிறது,
விலைச்சீட்டு தொங்கிக்கொண்டு.