இரண்டு புள்ளி நான்கு

திங்கட்கிழமை ஓய்வு என்கிறது அட்டவணை.
லிஃப்ட் பழுது. வீடு பதினோராம் மாடி.
ஓய்வு அவ்வளவுதான்.

செவ்வாய், நாலே முக்காலுக்குக் குயில்.
புக்கிட் பாஞ்சாங்கில் குயிலைப் பற்றி
நகர மன்றத்துக்குப் புகார் எழுதுகிறார்கள்.
நான் எழுதுவதில்லை.
அலாரத்துக்கு விழித்துவிடும் மைவிழி
குயிலுக்கு விழிப்பதில்லை.

நானூறு மீட்டர், எட்டு முறை.
நானூறு எங்கே முடியும் என்று கடிகாரத்தைக் கேட்க வேண்டாம்,
நீல மறுசுழற்சித் தொட்டியில் முடியும்.
ஆறாவதில், கோப்பிக் கடை நாற்காலிகளை இறக்கிப் போட்டபடி
ஆ லியோங் தலை நிமிராமலே சொன்னார்:
‘டுடே ஸ்லோ ஆ?’
ஏழாவதைப் பறந்து முடித்தேன்.
எட்டாவதை ஓடவில்லை.

பதினெட்டு வயதில் ஓடச் சொன்னார்கள்.
இரண்டு புள்ளி நான்கு கிலோமீட்டர்.
சார்ஜன்ட் குணாளன் மறந்தும் தமிழில் திட்டமாட்டார்;
தமிழில் திட்டினால் சொந்தக்காரர் ஆகிவிடுவோம் என்ற பயம்.
அதன்பின் ஆண்டுக்கு ஒரு கடிதம்.
கடிதம் வந்தபின் இரண்டே வாரம் ஓட்டம்,
பரோட்டாவில் ஒன்று குறைப்பு,
தேர்வு முடிந்த மாலையே இரண்டு கூடுதல்.
நாற்பதில் கடிதம் நின்றது.
நன்றி சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள்.
யாரும் ஓடச் சொல்லாத முதல் ஆண்டில்
எட்டுக் கிலோ ஏறினேன்.

பிறகு நாற்பத்தாறில் ஒரு காலை
பஸ்ஸைத் துரத்தினேன். போய்விட்டது.
கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.
அடுத்த நிறுத்தம்வரை ஓடினேன்.
அங்கே அதே பஸ்
கதவைத் திறந்துகொண்டு நின்றது.
ஏறவில்லை.

புதன்கிழமை வலது முழங்கால் பேசியது.
படி இறங்கும்போது மட்டும் பேசும்,
ஏறும்போது மரியாதை தெரிந்தது.
ஃபிசியோ நூர்ஹாயாத்தி ஒரு ரப்பர் பட்டை தந்திருந்தாள்,
தினம் முப்பது முறை இழுக்கச் சொல்லி.
இப்போது அதில் காலுறை காய்கிறது.

வியாழன் நாலாவது கிலோமீட்டரில் மின்னல்.
மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கினோம்,
நானும், உணவு கொண்டுபோகும் ஒரு பையனும்,
யாரோ ஒருவருடைய நாயும்.
பையிலிருந்து வறுத்த மீன் வாசனை.
மூவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.
கடிகாரம்தான் கேட்டது: முடித்துவிட்டீர்களா?

வெள்ளி என்ன ஆயிற்று என்று நினைவில்லை.
இரவு மகன் முகாமிலிருந்து வந்தான்.
மொட்டைத் தலை. மேசையில் தலை வைத்தே தூங்கினான்.

சனி, பழைய ரயில் பாதையில் பதினெட்டு.
மலேசிய ரயில் ஓடிய தடத்தில்
தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் புல் வளர்த்திருக்கிறார்கள்.
இரும்புப் பாலத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்,
கல்யாணக் கோலத்தில் படம் எடுத்துக்கொள்ள.
ஒரு மணமகளின் வெள்ளைத் துணியை மிதிக்காமல்
ஓரமாக, மூச்சை அடக்கி, கடந்தேன்.
அந்தப் படத்தில் ஒரு மூலையில்
என் மஞ்சள் சட்டை இருக்கும்.
பதினான்கில் நடந்தேன்.
பதினைந்திலும் நடைதான்.
மீதிக்கு ரயில் கிடைக்காது,
ஹில்வியூவில் ஏறி எம்ஆர்டி பிடித்தேன்.
எதிர் இருக்கைச் சிறுமி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வாசலில் அவன் பூட்ஸ், பக்கத்தில் என் காலணி.
இரண்டிலும் ஒரே செம்மண்.
பகல் இரண்டு மணிக்கு எழுந்தவன் அதைப் பார்த்துவிட்டு
‘யாரும் சொல்லாமலே எதுக்குப்பா ஓடுறீங்க?’ என்றான்.
தோசை வேண்டுமா என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் ஒன்றும் இல்லை.
மாலை அவன் மூட்டையை நான் தூக்கிக்கொண்டு
பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.
வளைவில் பஸ்ஸின் தலை தெரிந்தது.
ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
ஓடினோம்.
அவன் ஸ்லிப்பர் ஒன்று கழன்றது, குனிந்தான்.
நான்தான் முதலில் கதவைத் தொட்டேன்,
மூட்டையோடு, முழங்காலோடு.

நூற்றிருபது மீட்டர் இருக்கும்.
கடிகாரம் வீட்டில், சார்ஜில் கிடந்தது.