பொருள் எண் நான்கு

ஏப்ரல் இருபத்திரண்டு, மாலை மூன்றரை.
பள்ளி மேலாண்மைக் குழு. இடம்: பிசிக்ஸ் லேப்,
ஹாலில் ஃபேன் ஓடாததால்.
வந்தவர்கள் பதினோரு பேர்.
கையெழுத்து பதினேழு.

தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம்;
போட்டெல்லாம் கயிற்றில் நிற்க
காசிமேட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள்,
ஏலம் இல்லாத கைகளை
எங்கே வைப்பதென்று தெரியாமல்.

பொருள் ஒன்று, குழாய்.
இரண்டு, சுவரோரம் நிற்கும் குப்பை லாரி.
மூன்று, முட்டை.
நான்காவதை ஹெல்த் சென்டர் நர்ஸ் ரெபேக்கா
எழுந்து நின்று சொன்னார்:
மேல்வகுப்புப் பிள்ளைகள் கேட்டால்
மாத்திரையோ உறையோ கொடுக்க
இங்கேயே ஓர் அறை.
இல்லையென்றால்
கேட்டுக்கொள்ள ஓர் ஆளாவது.

ஸ்டூல் ஒன்று கிறீச்சிட்டது.

ஆட்டோ ஜானகிராமன் முந்திக்கொண்டார்:
"குடைய கைல குடுத்துட்டு
மழைல போவாதன்னா எப்டி மேடம்?
போய்ட்டு வான்னுதான அர்த்தம்?"
தேசம்மா திரும்பவேயில்லை.
"மழை இன்னா, ஒன்ன கேட்டுக்கினா பெய்து?"

விலங்கியல் சுந்தரவதனன் சார்,
அந்தப் பாடத்தைப் பதினான்கு வருடமாக
'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று நடத்துபவர்,
வயது என்றார்.
பிறகு பண்பாடு என்றார்.
பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

ரெபேக்காவே ஒத்துக்கொண்டார்:
பதினெட்டு ஆகாத பிள்ளை வந்து நின்றால்
சட்டப்படி ஸ்டேஷனுக்குச் சொல்லணும்.
சொல்லுவேன்னு தெரிஞ்சா ஒருத்தியும் வர மாட்டா.
அதுக்கு என்ன வழின்னு எனக்குத் தெரியல.
அதை அப்படியே குறித்துக்கொண்டேன்.
'தெரியவில்லை' என்றொரு சொல்
இந்தப் பதிவேட்டில் அதுவரை விழுந்ததில்லை.

தேசம்மா எழுந்தாள்.
"எம் பொண்ணுக்குக் கொழந்த பொறந்த அன்னிக்கே
காப்பர்டி போட்டு அனுப்ச்சாங்க ஆஸ்பத்திரில.
அவளயும் கேக்கல, என்னியும் கேக்கல.
அப்ப மட்டும் வயசு தெரியலியா சார்?
மீன் குஞ்சு வளரணும்னு
அறுபத்தோரு நாள் போட்ட கட்டிப் போடுறீங்க.
இதுங்கையாண்ட ஒரு வார்த்த சொல்ல
வாய் வரல."

அவள் மகள் லோகப்ரியாவின்
டி.சி. எழுதியவன் நான்.
பள்ளியை விட்டு நீங்கும் காரணம்: பெற்றோர் வேண்டுகோள்.
ஆபீஸ் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று
அவள் கேட்டது ஒன்றுதான்,
"நடத்தைன்ற எடத்துல இன்னா சார் போட்ருக்கீங்க?"
'நன்று.' திருப்பிக் காட்டினேன்.
தொட்டுப் பார்த்தாள்.
ஈர மை, விரலில் ஒட்டிக்கொண்டு போனது.
பையன் யாரென்று யாரும் கேட்கவில்லை.
அவனும் டி.சி. வாங்கினான் அந்த ஜூனில்.
காரணம்: படிப்பு முடிந்தது.

நான் எந்தப் பக்கம்?
என் மகள் எட்டாவது.
அவள் பள்ளியில் அப்படி ஓர் அறை திறந்தால்
முதல் ஆளாகச் சண்டைக்குப் போவேன்.
திறக்காமலே இருந்து
ஒருநாள் ஏதாவது ஆனால்
சண்டைக்கு யாரிடம் போவேன்?

ராத்திரி குறிப்பை டைப் அடித்தேன்.
கருத்தடை என்ற சொல்லில்
விரல் தடுக்கி
ஒரு 'து', ஒரு 'த்' கூடுதலாய் விழுந்து
கருத்துத்தடை என்றாகியிருந்தது.
தலைமையாசிரியர் சொல்லையே அடித்துவிட்டு
மேலே சிவப்பில் எழுதினார்:
'பொதுச் சுகாதாரம் குறித்து விவாதிக்கப்பட்டது.'
பிழை எது என்று அவர் சொல்லவில்லை.

தீர்மானம்: குழாய் இரண்டு, வாஷருடன்.
ஏகமனதாக.

மறுநாள் கையெழுத்துக்கு வந்த தேசம்மா
எழுத்துக் கூட்டி நான்கு வரை படித்தாள்.
"நா சொன்னது எங்க சார் கீது?"
சுகாதாரத்தைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.
பேனாவை மூடி
நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பதினேழில் பத்து அவரவர் போட்டது.
மீதி ஏழும் நான்தான், எப்போதும்போல.
ஆறு வரை கை தானாக ஓடியது.
ஏழாவதில் 'தே' மட்டும் எழுதிவிட்டு
குழாய் சொட்டுவதைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.