உயிரோடு இருப்போர்: ஆறு

கெர்ரியிலிருந்து மூன்றாவது கடிதம்.
மோரா ஹானிஃபன் அம்மாளுக்கு ஒரு மனிதர் வேண்டும்.
1861இல் பிறந்தார், கப்பல் ஏறினார்,
சேர்வராயன் மலை, காப்பித் தோட்டம் என்று
ஒரே ஒரு தாள் வீட்டுக்கு வந்தது. அதோடு சரி.

பெயரில்தான் தகராறு.
ஊர்க் கோயில் புத்தகத்தில் லத்தீன்: தத்தேயுஸ்.
கப்பல் பட்டியலில் ஆங்கிலம்: திமொத்தி.
அங்கே பிறப்பைச் சர்க்கார் எழுத ஆரம்பித்ததே
அவர் எழுந்து நடந்த பிறகுதான்.

சிரித்துக்கொண்டேன்.
ரேஷன் அட்டையில் நான் புலோமினா,
ஆதாரில் பிலோமீனா,
பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பி. லோமினா.
அப்பா செத்தபோது வாரிசுச் சான்றுக்காக
இருபது கொண்டை ஊசி வளைவையும்
ஏழு தடவை சேலத்துக்கு இறங்கினேன்,
மூவரும் ஒருத்தியே என்று
ஒரு நோட்டரி முத்திரைத்தாளில் ஒப்புக்கொள்ளும்வரை.

எங்கள் ஏடுகள் பங்குத்தந்தையின் இரும்பு பீரோவில்.
திறந்தால் முதலில் பாச்சை உருண்டை,
அப்புறம்தான் நூற்றாண்டு.
ஜூலையில் மூடுபனி தாளுக்குள்ளும் இறங்கும்,
பக்கங்கள் ஊறிய அப்பளம்போல் ஒட்டும்.
1870களை எலி தின்றுவிட்டது.
டப்ளினில் பழைய குடிக்கணக்கைத் தீ தின்றதாம்,
ஆறுதலுக்கு எழுதியிருந்தார்.

அடக்கப் புத்தகம். 1894, அக்டோபர் ஒன்பது:
தத்தேயுஸ் ஹானிஃபன், முப்பத்துமூன்று, காய்ச்சல்.
ஒரு வரி.

ஆபீஸ் போனில் படித்துக் காட்டினேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம்,
இந்தப் பக்கமும் அதேதான்,
யாருடைய மழை என்று பிடிபடவில்லை.
பிறகு சொன்னார்.
1911 குடிக்கணக்குத் தாள் கையில் இருக்கிறது.
ஹனோரா, விதவை, எழுபத்தெட்டு, எழுதப் படிக்கத் தெரியாது.
உயிரோடு பிறந்த பிள்ளைகள்: ஒன்பது.
உயிரோடு இருப்போர்: ஆறு.
"நாங்கள் எத்தனை தரம் எண்ணினாலும்
ஐந்துதான் வந்தது.
கிழவிக்கு மறதி என்று விட்டுவிட்டோம்."

மறதி இல்லை.
இங்கே கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கம்
பதினேழு தரம் காப்பி பூத்து உதிர்ந்திருக்கிறது;
அங்கே கதவைத் தட்டிய போலீஸ்காரரிடம்
அவள் யோசிக்காமல் சொல்லியிருக்கிறாள், ஆறு.

வைப்பதற்கு முன் ஒன்று கேட்டேன்:
வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள்?
"எழுதுவது என்னவோபோல் இருக்கும்.
கூப்பிடுவது தேக்."

எங்கள் பேருந்துக்கு ஒரு நிறுத்தம் உண்டு,
தேக்குக்காடு.
பேருக்கு ஒரு தேக்குக்கூடக் கிடையாது.
சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி,
கீழே பன்றி கிளறிய காப்பி.
"எல்லாத்தையும் வெட்டி வித்துட்டானுங்க"
என்பார் கண்டக்டர், புது ஆள் யார் ஏறினாலும்.
வெட்டவில்லை.
நட்டதே இல்லை.

மறுநாள் ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்தேன்.
யாரும் கேட்கவில்லை, கட்டணமும் கட்டவில்லை.
1895, பிப்ரவரி, பழம் பறித்து ஓய்கிற மாதம்.
பெண் குழந்தை, ஒனோரம்மாள்.
தாய்: வெள்ளச்சி, தேக்குக்காடு.
தகப்பன்
என்று எழுதிவிட்டு
பேனாவை எடுக்காமல் வைத்திருந்திருக்கிறார் சாமியார்.
மிளகளவு மைத்துளி.

இந்த மலையில் அதற்கு முன்னும் பின்னும்
ஒனோரா என்று ஒருத்தி இல்லை.
இரண்டு நாள் தேடிவிட்டேன்,
பூசை மணி அடித்ததுகூடக் காதில் விழாமல்.

சான்றிதழில் காலியிடம் காலியாகவே போக வேண்டும்,
அது விதி.
மைக்குக் கட்டம் கிடையாது.
ஏட்டை ஜன்னலுக்குத் தூக்கிப் போய்
செல்போனில் படம் எடுத்தேன்,
துளி மங்காமல் விழ மூன்று தடவை.

இன்னும் அனுப்பவில்லை.
கோயில் மேட்டில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது,
போக மாட்டேன் என்கிறது.
தேக்குக்காட்டு வளைவில் ஒரு கோடு சிக்னல் வரும் என்கிறார்கள்.
ஐந்தரை பேருந்தில்
அங்கேயே இறங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.