ஒரு கிலோ எழுநூறு கிராம்

வெள்ளி மாலை. தூன் நகரில் மழை.
சமையலறைத் தராசில்
மாவுக்குப் பதிலாக ஒரு காற்சட்டை.
முந்நூற்றுப் பத்து என்கிறாள் ரெகுலா.
தாளில் எழுதுகிறாள், மளிகைக் கணக்குப் போல.

பகலெல்லாம் இருவரும்
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பவர்கள்.
கண்ணை மூடிக்கொண்டும் மடிப்பேன்,
மூலையோடு மூலை முகம் பார்க்கும்.
இந்தப் பைக்கு அந்த மடிப்பு ஆகாதாம்.
சுருட்டு, நளா, சுருட்டு.
சுருட்டுகிறேன், பாய்போல.

முதல் தடவை மே மாதம்.
காண்டர்ஷ்டேக்கில் இறங்கியபோது
புல்வெளி முழுக்க மஞ்சள் பூ.
நான் பருத்திச் சட்டையில் போனேன்.
பிறந்ததிலிருந்து என் தோலோடு கதைத்த துணி,
அதை நம்பாமல் வேறு எதை நம்புவது?
மேலே மரங்கள் முடிந்த இடத்தில்
பழைய பனி முழங்கால் வரை கிடந்தது.
ஏறும்போது குடித்த வியர்வையையெல்லாம்
சட்டை திருப்பித் தரத் தொடங்கியது,
குளிராக, வட்டியோடு.
பல் கிட்டிப்போய் நின்றேன்.
ரெகுலா ஒரு பாறைக்குப் பின்னால் போய்த்
தன் கம்பளி உள்சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.
முழங்கையில் தையல் போட்ட பச்சைச் சட்டை.
வெறும் மழைக்கோட்டோடு அவள் முன்னால் இறங்கினாள்.
பேருந்தில்தான் சொன்னாள்:
பருத்தி, வீட்டில் உட்கார்ந்திருக்க.

ஜூலையில் கையுறையைப் பார்த்துச் சிரித்தேன்,
கட்டிலில் விட்டுவிட்டு வந்தேன்.
மூன்று மணிக்கு ஆலங்கட்டி.
காலுறையைக் கைகளில் மாட்டிக்கொண்டு
இரும்புச் சங்கிலி பிடித்து இறங்கியவளை
இரண்டு ஆடுகள் மட்டும் பார்த்தன.

அதனால் அக்டோபரில் எல்லாவற்றையும் எடுத்தேன்.
மூன்று தொப்பி. இறகு அடைத்த கோட்டு. மழைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று.
ஏரிக்கு மேல் மூடுபனி பாலாய்க் கிடக்க,
அதற்கும் மேலே வெயில் கொளுத்தியது.
ஒற்றைச் சட்டையில் வழிய வழிய ஏறினேன்,
முதுகில் ஒரு துணிக்கடை.
ஆள் பாதி ஆடை பாதி என்பது
பள்ளத்தாக்கில் சொன்ன சொல்லாக இருக்கும்.
ஏற்றத்தில் அந்தப் பாதியும் சேர்த்து
ஆளேதான் சுமக்க வேண்டும்.

நாங்கள் பருவத்தை ஆறாக எண்ணியவர்கள்.
இங்கே பள்ளிக்கூடத்தில் நான்கு.
மலைக்கு எண்ணத் தெரியாது.
பேருந்து நிறுத்தத்துக்கும் கணவாய்க்கும் நடுவில்
கையில் கிடைத்ததை எடுத்து வீசும்.

ஜனவரியில் ரெகுலா சொன்னது வெங்காய முறை.
மெல்லியது, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றுத் தடுப்பு,
வியர்ப்பதற்கு முன்பே ஒன்றைக் கழற்று,
நின்றதும் மாட்டு.
வெங்காயத்தை உரித்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று
கேட்டு வளர்ந்தவள் நான்.
உரித்துக்கொண்டே ஏறினேன்.
கடைசித் தோலுக்கு உள்ளே
ஆவி பறக்க
ஒருத்தி நின்றாள்.

இது செப்டம்பர்.
வானொலி 'மாறக்கூடியது' என்கிறது,
அதற்கு எதை எடுப்பது?
மேசையில் ஒரு பைதான்.
ரெகுலாவின் வலது முழங்காலில் புதுத் தழும்பு,
ஊன்றுகோல் குளிர்ப்பெட்டியில் சாய்ந்திருக்கிறது.
நாளைக்கு இறங்கும்போது எனக்கு முன்னால்
அந்தச் சிவப்பு மழைக்கோட்டு இருக்காது.

தொப்பி, நாற்பத்தைந்து.
கையுறை இரண்டு சோடி. ஆம், இரண்டு.
மாற்றுக் காலுறை, ரொட்டிப் பையில் கட்டி.
மொத்தம் ஒரு கிலோ எழுநூறு.
பரவாயில்லை என்று கோடு போடுகிறாள்.

நான் தண்ணீர்ப் போத்தலை நிரப்பத் திரும்பியபோது
ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது:
அந்தப் பச்சைச் சட்டையைச் சுருட்டி,
தராசில் வைக்காமல்,
பையின் அடியில் திணிக்கிறாள்.

குழாயைக் கொஞ்சம் கூடுதலாகவே ஓட விட்டேன்.

உலர்ந்த திராட்சை எத்தனை கிராம்
என்று கேட்கிறாள், பேனாவைத் தேடியபடி.